பட்டியலில் இல்லாத இரண்டு டிஸ்க்குகள்

கெட்டுப்போகும் என்று தெரிந்தேதான் அந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளையும் தேர்ந்தெடுத்தேன். கைத்தவறு அல்ல, அவசரமும் அல்ல. தெரிந்தே... வேண்டுமென்றே!

முகத்தைச் சுளிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு அப்புறம் சுளித்துக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்க நான் உங்கள் முன்னால் வந்து நிற்கவில்லை. யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பெயர் பேச்சி. தாராவியில் பிறந்து வளர்ந்தவள். செம்பூரில் ஒரு கம்பெனியில் வேலை. வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் 'நாஸ்' பெட்டி பொருத்திக் கொடுப்பது எங்கள் தொழில். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ரொட்டி சுடும் டோஸ்டர் அளவுக்கு ஒரு பெட்டி, உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டு வைஃபையோடு சேர்த்துவிட்டால் போன், கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் தம்மிடம் உள்ளதை அதில் கொண்டுவந்து கொட்டும். ஒரு டிஸ்க்கில் எழுதியது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். அதற்காகத்தான் ஜனங்கள் அதை வாங்குகிறார்கள்.

என் அக்கா இசக்கி. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் எனக்கு அவள், அவளுக்கு நான். அவளைக் கட்டிக் கொடுத்தது செம்பூரில். அத்தானுக்குத் தாராவியிலேயே தோல் பை தைக்கும் பட்டறை. 'அத்தான்', 'அவர்' என்று எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள்... அது வாய்ப் பழக்கம், மரியாதை அல்ல.

அவர் வீட்டுக்குள் கேமரா வைத்தார். வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. திருட்டுப் பயமாம்! எந்தத் திருடன் ஐயா அடுப்படியில் நின்று தோசை சுட்டுவிட்டுப் போவான்?

பட்டறையில் உட்கார்ந்தபடி போனில் பார்த்துக்கொண்டே இருப்பார். அக்கா ஜன்னலோரம் கொஞ்சம் கூடுதலாக நின்றால் போன் வரும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாசலில் சிரித்துப் பேசினால் போன் வரும். மத்தியானம் கண்ணயர்ந்தால் 'தபியத் சரியில்லையா, உடம்புக்கு என்ன?' என்று போன் வரும். கேட்டால் அக்கறை என்பார். அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் சொந்த வீட்டிலேயே குரலைத் தாழ்த்திப் பேசுவதையும், தலையைச் சொறியக்கூட யோசிப்பதையும் நான் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது!

போனில் பார்ப்பது அவருக்குப் போதவில்லை. பழையதையும் திருப்பிப் பார்க்க வேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

"பேச்சி, தீன் மஹினா, மூணு மாச ரெக்கார்டிங் நிக்கிற மாதிரி ஒரு பெட்டி போட்டுக் குடு. வெளியாளைக் கூப்பிட்டா நம்ம வீட்டு மேட்டர் பூரா அவன் பாப்பான். நீன்னா வீட்டு ஆளு. கொழுந்தியா கை பட்டா ஏக்தம் பக்காவா இருக்கும்லா?"

வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது... எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய வேதம் கிடையாது. வீட்டுக்குள் என்ன நாறினாலும் சரி, கதவைத் தாண்டக் கூடாது! அந்த வேதத்தை நம்பித்தான் அவர் என்னைக் கூப்பிட்டார். அதை வைத்தே அவரைக் கவிழ்ப்பது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

எப்படி என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

பெட்டி செய்கிறவர்கள் ஒரு பட்டியல் தருவார்கள். எந்தெந்த டிஸ்க் இந்தப் பெட்டிக்குப் பொருந்தும் என்று சோதித்துப் பார்த்துப் போட்ட பட்டியல். இரவு பகலாக ஓடுவதற்கென்றே செய்த டிஸ்க் வேறு; மேசைக் கம்ப்யூட்டரில் எப்போதாவது ஓடுவதற்குச் செய்த டிஸ்க் வேறு. வெளியே பார்த்தால் இரண்டும் அச்சு ஒன்றுதான். பெட்டிக்குள் தள்ளினால் எதுவும் உட்காரும், பச்சை விளக்கும் எரியும். ஏமாறுகிறவர்கள் எல்லாம் அந்தப் பச்சை விளக்கில்தான் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. சில டிஸ்க்குகளில் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல எழுதுவார்கள். தாராவியில் கூரைக்குத் தகரம் வேய்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. அடியில் உள்ள ஒரு தகரத்தை மாற்ற வேண்டுமானால் மேலே உள்ளதையும் தூக்கித்தான் ஆக வேண்டும். எழுதி மூடி வைத்துவிட்டால் அந்த டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஓயாமல் கேமரா எழுதிக்கொண்டே இருந்தால் மூச்சு முட்டிவிடும். ஒன்று போய்ப் புதியதைப் போட்டு, மிஞ்சியதிலிருந்து எல்லாவற்றையும் நகல் எடுக்கும்போது அந்த மிஞ்சியதும் படுத்துவிடக் கூடும்.

பட்டியலில் இல்லாத அப்படிப்பட்ட மேசை டிஸ்க்குகள் இரண்டைத் தேடி எடுத்தேன். கம்பெனியிலிருந்து ஒரே அட்டைப்பெட்டியில் ஒன்றாக வந்தவை. சாவதும் ஒன்றாகச் சாகட்டும் என்று! பெட்டியை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். காற்றுப் போகாத மர அலமாரியைக் காட்டி, "பூட்டி வையுங்க அத்தான், சேஃப்டி" என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அக்கா டீ கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள்.

"இதுல விழுந்தது அழிஞ்சு போவுமாட்டி?" என்று கேட்டாள்.

அத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் அழியாதுக்கா. ஒரு டிஸ்க் போனாலும் இன்னொண்ணுல இருக்கும். நாமளா அழிச்சாத்தான் உண்டு" என்றேன். அக்காவிடம் நான் சொன்ன முதல் பொய். அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஏன் அவளைத் தனியே அழைத்துச் சொல்லவில்லை? அன்றிலிருந்து என்னை நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான். அவளுக்காகச் செய்தேன் என்கிறேனே... அவளை ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! படித்தவள், டெக்னீசியன்!

அடுத்த மழைக்காலத்தில் பெட்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அத்தான் பதறிப்போய்க் கூப்பிட்டார். ஒரு டிஸ்க் செத்திருந்தது. முறைப்படி புதியதைப் போட்டு நகல் எடுக்க விட்டேன். பாதியில் மற்றதும் படுத்துவிட்டது. நான் கணக்குப் போட்டபடியே!

அதோடு விட்டேனா? "இதை வெளிய எவனாவது தோண்டிப் பாத்தாலும் பாப்பான் அத்தான். உடைச்சிருதேன்" என்றேன். அவரே இரண்டையும் பைக்குள் போட்டுக் கொடுத்தார். "ஆமா ஆமா, ஃபோட் டால், உடைச்சுப் போடு" என்றார். தாராவியில் பழைய சாமான் பிரிக்கும் கொட்டகையில் சுத்தியலை வாங்கி என் கையாலேயே அடித்தேன். உள்ளிருந்த தட்டுகள் நெளிந்து போகும்வரை அடித்தேன். அன்று எனக்கிருந்த ஆனந்தத்தை எழுத வெட்கப்படவில்லை. வடாபாவ் வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அந்த ஆனந்தம் கொஞ்ச நாள்தான்.

அக்கா ஒரு துணிப்பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தோள்பட்டை வீங்கி, கையைத் தூக்க முடியவில்லை. நான் பதறினேன். அவள் பதறவில்லை.

"இன்னைக்கு நேத்து இல்லட்டி. ரொம்ப நாளா நடக்கு. நம்ம ஊர்ச் சங்கத்துல சொல்லப் போறேன். நீ வந்து அந்தப் பெட்டியத் தெறந்து காட்டு."

"எந்தப் பெட்டிய?"

"நீ போட்டதுதான். அவிய கை ஓங்கும்போதெல்லாம் நான் வேற எங்கயும் ஓடல. கேமராவுக்கு நேரா வந்து நின்னுக்கிடுவேன். எல்லாம் விழுந்திருக்கும். ஒண்ணும் அழியாதுன்னு நீதான சொன்ன? அதை நம்பித்தான நின்னேன்."

கேட்டீர்களா? ஓடித் தப்பியிருக்கலாம்... கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். என் பேச்சை நம்பி, விழுகிற அடியை அவள் நின்று வாங்கியிருக்கிறாள்!

"பெட்டி கெட்டுப்போச்சுக்கா..." என்றேன். பெட்டி கத்தியது அவளுக்குத் தெரியும். இன்னொன்றில் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. "ரெண்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தாராவியில் ஒரு சங்கம் உண்டு. புருஷன் பெண்டாட்டி வழக்கு முதலில் அங்கேதான் போக வேண்டும். போலீசுக்குப் போனால் ஊர் மானம் போய்விடுமாம். அக்கா எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழுந்தான். ஆம், இனி 'அவன்'தான்!

"வீடு பூரா கேமரா வச்சிருக்கேன். நான் கை நீட்டிருந்தா அதுல விழுந்திருக்காதா? பொட்டி கெட்டுப்போச்சு, சரி. கொழுந்தியாகிட்ட கேளுங்க, அவதான் பாத்தா."

பெரியவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். "கெட்டுத்தான் போச்சு" என்றேன். ஆதாரம் இல்லாமல் என்ன செய்வது என்றார்கள். அனுசரித்துப் போ என்றார்கள். ஒரு பெண்ணின் தோள் வீங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. கேமராவில் தெரிந்தால்தான் தெரியுமாம்! என் மீது குற்றம் சொல்வதற்கு முன் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மனிதர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். அவளை மறுபடி அந்த வீட்டுக்கு அனுப்பியவர்கள் அவர்கள். நான் டிஸ்க்கைத்தான் உடைத்தேன்.

எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொன்னால் என்ன ஆகியிருக்கும்? 'நான் நல்லவன் என்பதற்கு இருந்த ஆதாரத்தை இவளே அழித்துவிட்டாள்' என்று அவன் அதையும் தன் பக்கம் திருப்பியிருப்பான். இது நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் காரணம். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது நிஜமான காரணம்.

என்னோடேயே இருந்துவிடு என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. ஆதாரத்தோடுதான் வெளியே வருவேன், இல்லாவிட்டால் நான் பொய்க்காரி என்று ஆகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது.

அவன் மறுபடியும் என்னையே கூப்பிட்டான். "நல்ல டிஸ்க்கா பாத்துப் போடு பேச்சி" என்றான். இந்த முறை பட்டியலை வரி வரியாகப் படித்தேன். ஓயாமல் எழுதத் தாங்கும் டிஸ்க்குகள். வெவ்வேறு கடையில் வாங்கியவை. பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துக் காற்றோட்டமாக வைத்தேன். மின்சாரம் போனாலும் ஓட பேட்டரி வைத்தேன். அவனுக்குத் தெரியாமல் என் போனிலும் எல்லாம் தெரியும்படி செய்தேன். என் வீட்டில் உள்ள பெட்டிக்கும் ஒரு நகல் வந்துவிடும். என் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்காக ஒரு பெட்டியை நான் பொருத்தியதில்லை.

அந்தப் பழைய டிஸ்க்குகளுக்கு என்ன ஆனது என்று அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லும் தைரியம் இல்லை. முதலில் செய்ததற்காக வருத்தப்படுகிறேனா என்றால்... இல்லை! எந்தப் பெண்ணையும் அப்படிப் பார்க்க எவனுக்கும் உரிமை இல்லை. அவளைக் கேட்காமல் செய்ததுதான் என்னை அறுக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் வடாலாவில் ரயிலுக்குக் காத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவன் கையை ஓங்கினான். அக்கா ஓடவில்லை. நிதானமாக நகர்ந்து கேமராவுக்கு நேராக வந்து நின்றாள்.

நான் முதலில் பார்த்தது அவளை அல்ல. பதிவாகிறதா என்று காட்டும் சிவப்புப் புள்ளியைத்தான் பார்த்தேன்.