கர்ட்டன் துணியில் ஒரு கல்யாண பீர்

ட்ரெவர் ஹாலட் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மகள் டாம்சின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல போன் பண்ணினாள். வழக்கம்போல இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. வெயில் எப்படி, முழங்கால் எப்படி என்று கேட்டு முடித்தாயிற்று. போனை வைக்கவும் மனசில்லாமல் மனிதர் உளறிவிட்டார்.

"நான் இப்பல்லாம் வீட்லயே பீர் காய்ச்சுறேன், தெரியுமா?"

காய்ச்சவில்லை. பானை வாங்கியிருந்தார், அவ்வளவுதான். சுரங்க வேலையிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு, பொழுது போகவேண்டுமே என்று வாங்கியது. பெட்டிகூடப் பிரிக்காமல் கராஜில் கிடந்தது.

அந்தப் பக்கம் டாம்சின் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படின்னா கல்யாணத்துக்கு நீயே காய்ச்சிக் குடேன்பா."

மகள் அவரிடம் வாய்விட்டு ஒன்று கேட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அதற்குக் காரணம் ஒரு மரக்குதிரை. அவர்கள் ஊரான மாண்டுராவில் பாதி ஆம்பளைகள் விமானம் ஏறி வடக்கே இரும்புச் சுரங்கத்துக்குப் போய் மூன்று வாரம் வேலை பார்த்துவிட்டு ஒரு வாரம் வீட்டுக்கு வருகிறவர்கள்தான். ட்ரெவரும் அப்படித்தான் முப்பது வருஷம் ஓட்டினார். மகளுடைய பிறந்தநாள்கள் எல்லாம் எப்படியோ அந்த மூன்று வாரத்திலேயே வந்து தொலைத்தன. ஏழாவது பிறந்தநாளுக்கு மட்டும் தப்பித்தவறி வீட்டில் இருந்தார். கையில் ஒரு மரக்குதிரை. "கேம்ப்ல வேலை முடிஞ்சப்புறம் உக்காந்து அப்பாவே உனக்காகச் செதுக்கினேன்டா" என்றார். பிள்ளைக்கு முகமெல்லாம் பல். அப்பா பேர் எங்கேயாவது செதுக்கியிருக்கிறதா என்று குதிரையைத் தலைகீழாகத் திருப்பினாள். வயிற்றில் கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

சீட்டை நகத்தால் கிள்ளியெடுத்து, உருட்டி, பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். "அழகா இருக்குப்பா" என்றாள். அழுதிருந்தாலாவது அணைத்துச் சமாதானம் செய்திருக்கலாம். அன்றிலிருந்து அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அம்மா பிரிந்து போனபோது கேட்கவில்லை. கார் பழகக் கேட்கவில்லை. போன மாதம்கூட அவள் புது வீட்டுச் சமையலறைக் கதவு தரையில் உரசுவதைப் பார்த்து, "நான் இழைச்சுத் தரட்டுமா?" என்று இவராகக் கேட்டார். "ஆள் சொல்லியிருக்கேன்பா, வருவான்" என்று சிரித்துக்கொண்டே இடுப்பால் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அப்பேர்ப்பட்டவள் கேட்டிருக்கிறாள். மறுநாள் காலையில் ட்ரெவர் பானைப் பெட்டியைப் பிரித்தார்.

ஊருக்கு வெளியே, டயர் கடைக்குப் பக்கத்தில் பீர் சாமான் கடை. கடைக்காரன் கிரேம் தாடியும் தொப்பையுமாக ஒரு பேச்சுக்காரன்.

"மூணு பானை, குழாய், பம்ப்புன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்கண்ணே. நம்மாளுங்க கண்டுபிடிச்ச வழி இருக்கு. ஒரே பானை, ஒரே பை. டீ பேக் போட்டு டீ போட்டிருக்கீங்கல்ல?"

"போட்டிருக்கேன்."

"அவ்வளவுதான். பானை நிறைய சுடுதண்ணி, உள்ள பை, பைக்குள்ள நொறுக்கின பார்லி மால்ட், அதான் முளைகட்டிக் காயவெச்ச பார்லி. ஒரு மணி நேரம் ஊறினதும் பையத் தூக்கிப் பிழிஞ்சிட்டு, மிச்சத் தண்ணியில ஹாப்ஸ், அதான் பீருக்குக் கசப்பு குடுக்குற பூ, போட்டுக் கொதிக்க வைங்க. பை மட்டும் நீங்களே தைச்சுக்குங்க. கர்ட்டன் தைக்கிற துணி, மெல்லிசா வலை மாதிரி இருக்கும்ல, அந்த 'வாயில்' துணி எடுங்க, அதுதான் சரியான சல்லடை."

துணிக்கடையில் வெள்ளை வாயில் துணி வாங்கி வந்து, அக்கா லொரெய்ன் வீட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தார். லொரெய்ன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் தம்பி வீட்டுக்கு வந்து, வேண்டாம் என்றாலும் கேட்காமல், அழுக்குத் துணியெல்லாம் அள்ளித் துவைத்துப் போட்டுவிட்டுப் போவாள். தம்பி தைக்கிற லட்சணத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"டேய், சுரங்கத்துல வீடு உசரத்துக்கு லாரி ஓட்டினவன்தானே நீ? ஒரு தையல் நேராப் போக மாட்டேங்குது!"

"அதுல ஸ்டியரிங் இருக்கும்க்கா. நீ கொஞ்சம் சும்மா இரு."

முதல் தடவை காய்ச்சியது நாசமாய்ப் போயிற்று. பை உள்ளே ஊறிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் சூடு கொஞ்சம் இறங்கியது. இவர் அடுப்பைப் பற்றவைத்தார். அந்த நேரம் பார்த்து பழைய சுரங்கக் கூட்டாளி போன் பண்ண, பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தால் கராஜ் முழுக்கக் கருகல் நாற்றம். பையின் அடி உருகிப் பானையில் ஒட்டிக்கொண்டது; மால்ட் எல்லாம் கஞ்சி மாதிரி பரவிக் கிடந்தது.

கிரேம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "வாங்கண்ணே, நம்ம சங்கத்துல சேர்ந்துட்டீங்க! எல்லாரும் முதல்ல உருக்கினவங்கதான். அடியில ஒரு கம்பித்தட்டு போடுங்க. பானைய கனமா எதையாவது வெச்சு மூடுங்க, சூடு இறங்காது. முக்கியமா, பக்கத்துலயே இருங்க. எங்கயும் போகாதீங்க."

எங்கும் போகாமல் இருப்பது. ட்ரெவருக்குத் தெரியாத வேலை அது ஒன்றுதான்.

அடுத்த தடவை போனை உள்ளே வைத்துவிட்டு, பானையை மூட டாம்சினின் பழைய ஸ்லீப்பிங் பேக்கை அலமாரியிலிருந்து எடுத்தார். மஞ்சள் நட்சத்திரம் போட்டது. பள்ளிக்கூட முகாமுக்கு அவள் கொண்டுபோனது. கொண்டுபோய் விட்டது யார்? இவரில்லை. பானையைச் சுற்றி அதைக் கட்டிவிட்டு நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லை. உள்ளே தானியம் தன் பாட்டுக்கு இனித்துக்கொண்டிருக்கும். கூடவே காவலுக்கு உட்கார்ந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருஷமும் சம்பாதித்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தவருக்கு, அந்த ஒரு மணி நேரம் முள்ளில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. குழந்தை வளர்கிற வீட்டில் ஒருத்தர் சும்மா பக்கத்தில் இருப்பதும் ஒரு வேலைதான் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது.

பையைத் தூக்கி, உத்தரத்தில் கட்டிய கயிற்றில் தொங்கவிட்டு, கையுறை போட்டுப் பிழிந்தார். தேன் நிறத்தில் ஒழுகியது. ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, கொதிக்கக் கொதிக்கச் சதுர பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடிவைத்தார். மறுநாள் ஆறியபின் நொதிக்க ஈஸ்ட் போட்டார். அப்புறம் பழைய ஃப்ரிட்ஜில் நொதித்துக்கொண்டிருக்கும்வரை தினமும் திறந்து பார்ப்பார்.

அந்த பீர் நன்றாக வந்தது. சும்மா சொல்லவில்லை, நுரை கிளாஸ் விளிம்பில் ஜம்மென்று நின்றது. யாரையும் லேசில் பாராட்டாத லொரெய்னே இரண்டாவது கிளாஸ் நீட்டினாள். "பரவால்லடா. உனக்கும் ஏதோ வருது."

"கல்யாணத்துக்கு இதேதான்க்கா. அவளுக்கு இப்பக் காட்ட மாட்டேன். அன்னிக்குத்தான்."

பையை வெறும் தண்ணீரில் அலசிக் கொல்லையில் கொடியில் காயப்போட்டார். அடுத்த வாரம் அதே பை, அதே அளவு, அதே ஸ்லீப்பிங் பேக். கல்யாணத்துக்கான பீர் கொதித்தது. கொதிக்கும்போது ஆவியில் லேசாக லாவெண்டர் வாசம் வந்தது. வேலியோரம் செடி பூத்திருக்கிறது, காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று இவர் பாட்டுக்கு இருந்துவிட்டார்.

பாட்டிலில் அடைக்கிற அன்று ஒரு வாய் ருசி பார்த்தார். கசப்பு சரி, மால்ட் சரி. விழுங்கி முடித்தபின் வந்தது பாருங்கள், சோப்புக்கட்டியைக் கடித்த மாதிரி ஒரு லாவெண்டர். இன்னொரு வாய் குடித்தார். அதேதான். நம்பிக்கை விடாமல் அடைத்துவைத்து, வாயு ஏறியபின் ஒன்றைக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். ஊற்றினால் நுரை எழும்பி, எழும்பின வேகத்தில் செத்துப்போயிற்று. கிரேம் ஒரு வாய் குடித்துவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அண்ணே, பைய எதுல துவைச்சீங்க?"

"வெறும் தண்ணிலதான்."

"இல்லண்ணே. யாரோ துணிய மெத்துன்னு ஆக்குற வாசனைத் திரவத்துல முக்கி எடுத்திருக்காங்க."

வீட்டுக்கு வந்ததும் லொரெய்னைக் கேட்டார். அவள் கண்ணை விரித்தாள். "கொடியில கிடந்த அந்த வெள்ளைக் கர்ட்டனா? மொடமொடன்னு கிடந்துச்சு, பழுப்பா வேற இருந்துச்சு. நல்லா மெஷின்ல போட்டு வாசனையா அலசி, திருப்பி அங்கயே காயப்போட்டேன்டா..." சொல்லச் சொல்லவே விஷயம் புரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ. அது நீ தைச்ச பையா? அடையாளமே தெரியலடா."

அவளைத் திட்ட ட்ரெவருக்கு மனசு வரவில்லை. மூன்று நாளில் கல்யாணம். இன்னொரு தடவை காய்ச்ச வழியில்லை.

கல்யாணத்தன்று காலையில் கராஜில் இரண்டு அடுக்கு நின்றன. ஒரு பக்கம் அவருடைய லாவெண்டர் பாட்டில்கள். இன்னொரு பக்கம் கடையில் வாங்கிவந்த நல்ல பீர் பெட்டிகள். நடுவில் கழுவிக் கவிழ்த்த வெறும் பாட்டில்கள். லொரெய்ன் கல்யாண கவுனுக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கையில் புனலோடு வந்து நின்றாள்.

"கெடுத்தது நான்தானே, நானே ஊத்தித் தர்றேன். கடை பீர உன் பாட்டில்ல மாத்திட்டா முடிஞ்சுது. கொஞ்சம் வாயு போகும், போகட்டும். யாருக்குடா தெரியப்போகுது?"

ட்ரெவர் புனலை வாங்கினார். ஒரு வெறும் பாட்டிலை எடுத்து, அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்குக் குதிரையை இப்படித் திருப்பிப் பார்த்த கை வேறு ஒருத்தியுடையது.

"வேண்டாம்க்கா."

"ஏன்டா, ஜனங்க முன்னாடி மானம் போகணுமா?"

"போனாப் போகுது. ஊர்க்காரங்க கடை பீர் குடிக்கட்டும், பெட்டியோடவே வெச்சிடுவோம். அவளுக்கு என்னோடத நானே குடுக்குறேன். திட்டினாலும் பரவால்ல."

டாம்சின் வீட்டுக் கொல்லையில்தான் கல்யாணம். மோதிரம் மாற்றி, முத்தம் கொடுத்து, ஆட்டுக்கறி வாட்டுகிற புகை எழும்பியது. ட்ரெவர் சமையலறையில் ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மகள் வரக் காத்திருந்தார். கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு, வெள்ளை கவுனோடு அவள் உள்ளே வந்தாள்.

"இங்க என்னப்பா பண்ற? எல்லாரும் உன் பீர் எங்கன்னு கேக்குறாங்க."

"டாம், வெளிய இருக்கறது கடைல வாங்கினது. என்னோடது இதுதான். கெட்டுப்போச்சும்மா. பைல வாசனை ஏறிடுச்சு, நுரையும் நிக்காது. நான் சரியாப் பாக்கல. இன்னொண்ணும் சொல்லணும். நீ கேட்டப்ப எனக்குக் காய்ச்சவே தெரியாது. சும்மா சொன்னேன். நீ கேட்டப்புறம்தான் கத்துக்கிட்டேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவள் பாட்டிலை வாங்கித் திறந்து ஒரு மடக்கு குடித்தாள். முகம் அஷ்டகோணலாயிற்று.

"ஐயய்ய! என்னப்பா இது, அத்தையோட பெட்ஷீட்டக் குடிச்ச மாதிரி இருக்கு!"

"நான்தான் சொன்னேன்ல. கீழ கொட்டிடு."

அவள் கொட்டவில்லை. பாட்டில் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, மெல்லத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தாள். அப்போது ஏழு வயசு, இப்போது கல்யாணப்பெண். பார்வை மட்டும் மாறவேயில்லை. அடியில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"இவ்ளோ கேவலமான பீர எந்தக் கடைலயும் விக்க மாட்டாங்கப்பா" என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது. "இத நீயேதான் செஞ்சிருக்க."

"நானேதான்மா."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், மை கலைந்தது. சிரித்துக்கொண்டே இன்னொரு மடக்கு குடித்து, மறுபடி முகத்தைச் சுளித்தாள். வெளியே யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கவுனை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாட்டிலைக் கீழே வைக்காமலே கதவுவரை போனாள். கதவு தரையில் மாட்டிக்கொண்டது. இடுப்பால் தள்ளப்போனவள் நின்று திரும்பினாள்.

"அப்பா, இந்தக் கதவு ரொம்பப் படுத்துது. ஆளெல்லாம் யாரும் வரலை. அடுத்த வாரம் நீ வந்து இழைச்சுக் குடுக்கிறியா?"

"வர்றேன்" என்றார் ட்ரெவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவோம் என்று, உள்ளேயிருந்து கதவைப் பிடித்துத் தூக்கி, அவள் போக வழிவிட்டார்.