டிரைவர் கமிஷன்

அன்று லாட்ஜின் மாடி ஹாலில் இருந்தவர்கள்: சென்னைப் பக்கத்திலிருந்து வந்த பேச்சாளர், அவர் மனைவி, மனைவியின் தங்கை, லாட்ஜ் முதலாளி, பட்டுக்கடைக்காரர் ஒருவர், கைடு ஒருவர், ஆட்டோக்காரர்கள் நான்கு பேர், கோயில் வாசலில் செருப்பு ஸ்டாண்டு ஏலம் எடுத்திருக்கும் அம்மா, கடைசி வரிசையில் நான். நாற்காலிகள் மட்டும் கல்யாணத்துக்குப் போட்டதுபோல் கிடந்தன.

கூட்டத்தின் தலைப்பு மேடைக்குப் பின்னால் பேனரில் தொங்கியது: சுற்றுலாத் தொழிலும் அதன் பொருளாதார முக்கியத்துவமும். எங்கள் ஊர்ச் சுற்றுலாவை வளர்க்க ஒரு சங்கம் இருக்கிறது. லாட்ஜ் முதலாளிதான் அதற்குச் செயலாளர். அந்தச் சங்கம் இதுவரை வளர்த்தது அவருடைய லாட்ஜின் மூன்றாவது மாடியை மட்டும்தான் என்பது ஊரில் பேச்சு.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பொருளாதாரம் கேட்க நான் போகவில்லை. பேச்சாளர் குடும்பத்தைக் காலையில் தாம்பரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். கூட்டம் முடிந்ததும் ஊரைச் சுற்றிக் காட்டி, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். வாடகை நாலாயிரத்து ஐந்நூறு, சங்கம் தரும். ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்தார்கள், அது டீசலுக்குப் போயிற்று.

என் மனசு முழுக்க வண்டியின் முன் டயர்கள் இரண்டிலும் இருந்தது. வழுக்கைத் தலை மாதிரி ஆகிவிட்டன. அந்த வாரக் கடைசியில் வண்டிக்கு எஃப்.சி., அதாவது ஓட்டத் தகுதிச் சான்று, முடிகிறது. இந்த டயரோடு போனால் இன்ஸ்பெக்டர் கிட்டே வந்து பார்க்கக்கூட மாட்டார், தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிடுவார். எஃப்.சி. இல்லாமல் ஓட்டினால் அபராதம், ஓட்டாமல் நிறுத்தினால் பட்டினி. ராத்திரியெல்லாம் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். வாடகையில் ஒரு டயர் வரும். பேச்சாளர் வீட்டில் கல்யாணம், பட்டு எடுக்கப்போகிறார்கள் என்று வண்டியிலேயே பேச்சு அடிபட்டது. பட்டுக்கடையில் டிரைவர் கமிஷன் கிடைத்தால் இன்னொரு டயரும் வந்துவிடும். அவ்வளவுதான் என் கணக்கு.

பேச்சாளர் நன்றாகத்தான் பேசினார். பயணி செலவழிக்கிற ஒரு ரூபாய் ஒரே இடத்தில் நிற்காதாம். லாட்ஜுக்குப் போகுமாம், சாப்பாட்டுக் கடைக்குப் போகுமாம், டிரைவருக்கும் பூக்காரிக்கும் நெசவாளிக்கும் போய்ச் சுற்றிச் சுற்றி ஊரையே வாழவைக்குமாம். திரையில் ஒரு ரூபாய்க்குக் கால் முளைத்து ஓடியது.

செருப்பு ஸ்டாண்டு அம்மா எழுந்தார். "எங்கிட்ட ஓடி வர்றச்சே அது கிழிஞ்ச பத்து ரூபா நோட்டா வருது சார். மாத்திக் குடுப்பீங்களா?"

பேச்சாளர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அதில் ஒரு டிரைவர் பல்லைக் காட்டிக்கொண்டு கை நீட்டிக்கொண்டிருந்தான். "இந்த ஊர் சுற்றுலாவைப் பிடித்த நோய் டிரைவர் கமிஷன்" என்றார். கடைக்காரர் அதைச் சேலை விலையில் ஏற்றிவிடுகிறாராம், பயணி ஏமாந்து போகிறாராம், அப்புறம் ஊர்ப் பக்கமே வருவதில்லையாம். பட்டுக்கடைக்காரர் தலையை ஆட்டி ஆமோதித்தார். அந்தக் கமிஷனை எல்லா டிரைவருக்கும் கொடுக்கிறவர் அவர்தான்.

ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார்: "சார், இந்த லாட்ஜில ஏசி ஓடலன்னாலும் ஏசிக்குக் காசு வாங்கறாங்களே, அது இன்னா நோயி சார்?"

"உக்காருப்பா, டிபன் ஆறுது" என்றார் லாட்ஜ் முதலாளி.

டிபனுக்குப் பிறகு கிளம்பினோம். சுற்றுலாவைப் பற்றிப் பேசுகிறவர் சுற்றிப் பார்க்கிற அழகை நான் அன்றுதான் பார்த்தேன். கைலாசநாதர் கோயிலில் வெயில் அதிகம் என்று வாசலிலேயே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். வரதர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொடுகிற இடத்தில், தான் சுற்றுலாவுக்காகவே உழைப்பவன் என்றும் தனக்கு எதற்கு டிக்கெட் என்றும் சண்டை போட்டார். மதியத்துக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தை வண்டியிலேயே சாப்பிட்டார்கள். கால் முளைத்த அந்த ரூபாய் அவர் பர்ஸை விட்டு இறங்கவே இல்லை.

பிறகு பட்டுக்கடை. காலையில் ஹாலில் இருந்தவருடைய கடைதான். இங்கே டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பார்ட்டியோடு டிரைவரும் படி ஏற வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கல்லாவில் இருப்பவர் கண்ணில் பட்டு, அவர் கொடுக்கும் டீயைக் குடிக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டால் பார்ட்டி நம்முடையது, நூற்றுக்கு ஐந்து நமக்கு. இதற்குச் சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. டீதான்.

அந்தத் தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது. போலீஸ்காரர் செல்போனில் படம் எடுத்தால் அபராதம் நேராக நம் போனுக்கு வந்துவிடும். வேறு டிரைவராக இருந்தால், வந்தால் வரட்டும் என்று வண்டியைப் போட்டுவிட்டுப் படி ஏறியிருப்பான். நான் பயந்தாங்கொள்ளி. அவர்களை வாசலில் இறக்கிவிட்டு, இரண்டு தெரு தள்ளி இடம் தேடி நிறுத்தினேன். நிறுத்தியவன் சும்மா வந்தேனா? குனிந்து டயரை ஒரு முறை தடவிப் பார்த்தேன். பார்த்தால் முளைத்துவிடுமா என்ன?

திரும்பி வந்தபோது வெள்ளை மெத்தை விரிப்பில் சேலைகள் மலையாகக் கிடந்தன. மூலையில் பார்ட்டிகளுக்குக் காட்டுவதற்கென்றே ஒரு தறி போட்டிருக்கிறார்கள். போன வருஷமும் அதில் அதே சேலைதான், அதே முழம்தான். ஆள் வந்தால் ஒருவர் உட்கார்ந்து மிதிப்பார். மனைவியின் தங்கை அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பில் போட்டு முடித்திருந்தார்கள். மொத்தம் ஐந்து சேலைகள்.

அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நான் கல்லா அருகே போனேன்.

"அண்ணே, பார்ட்டி என்து. காலையில ஹால்லயே பாத்தீங்க."

"பாத்தேன்பா, யாரு இல்லன்னா? ஆனா அவங்க படி ஏறச்சே நீ இல்லியே. டிரைவர் கூட்டிக்கினு வரல, அந்தக் காசைக் கழிச்சுக் குடுங்கன்னு சார் கேட்டாரு. கழிச்சுட்டேன். ஒரே சேலைக்கு ரெண்டு பேருக்கு எப்டிபா குடுக்கறது?"

"சாரா கேட்டாரு?"

"அவரேதான். காலையில நோயி நோயின்னாரே, சாயங்காலம் அதையே மருந்தாக் குடிச்சுட்டாரு." அவரே சிரித்துக்கொண்டார். "டீ குடிக்கிறியா?"

"வேணாம்ணே."

"குடிபா. இப்ப குடிச்சா ஒண்ணும் ஆவாது."

திரும்பும் வழியில் வாலாஜாபாத் தாண்டும்போது பின் சீட்டில் பேச்சாளரின் மனைவி சொன்னார்: "டிரைவர் கமிஷனைக் கழிச்சதுல நாலு பிளவுஸ் தையல்கூலி வந்துடுச்சு. நீங்க கேட்டது நல்லதாப் போச்சு." நான் ஓட்டுகிற சீட்டில் ஆள் இல்லை என்பதுபோல் பேசிக்கொண்டார்கள். சொல்ல நாலு வார்த்தை தொண்டை வரை வந்தது. வாடகைப் பாக்கி போய்விடுமோ என்று விழுங்கினேன். இந்தத் தொழில் ஊருக்குச் சோறு போடுகிறது என்கிறார்கள். எனக்கு அது நன்றாக விழுங்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

தாம்பரத்தில் இறங்கும்போது, சங்கம் அவரிடம் கொடுத்தனுப்பியிருக்குமோ என்று பேச்சாளரிடம் வாடகையைக் கேட்டேன்.

"அது செக்ரெட்டரி பாத்துப்பாரு. நீங்க பத்திரமாப் போங்க, டயர் தேஞ்சிருக்கு" என்றார். அது மட்டும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது!

மறுநாள் லாட்ஜுக்குப் போனேன். "கமிட்டி கூடணும்பா, கூடினாத்தான் பில் பாஸாவும்" என்றார் முதலாளி. கமிட்டியில் யார் யார் என்று கேட்டேன். தானும் தன் மைத்துனரும் என்றார். மைத்துனர் எங்கே என்றேன். டூர் போயிருக்காராம்.

எஃப்.சி. தேதி போய்விட்டது. வண்டியை வீட்டுச் சந்தில் தார்ப்பாய் போட்டு நிறுத்திவிட்டு, ஓரிக்கையில் ஒருவருடைய வேனைத் தினக்கூலிக்கு ஓட்டுகிறேன். சந்தில் போகும்போதெல்லாம், கூட்டத்தில் ஏசியைக் கேட்ட அந்த ஆட்டோக்காரர் குரல் கொடுப்பார்: "இன்னா தலைவரே, பொருளாதாரம் தூங்குதா?" தினமும் தாமதக் கட்டணம் வேறு ஏறிக்கொண்டிருக்கிறது.

நேற்று லாட்ஜ் முதலாளியே போன் செய்தார். பணம் என்று நினைத்து வேனை ஓரங்கட்டினேன். அடுத்த கூட்டத்துக்கும் பேச்சாளரை நான்தான் அழைத்து வர வேண்டுமாம், அவருக்கு என் ஓட்டுதல் பிடித்திருக்கிறதாம்.

"வண்டி ஓடலண்ணே. பழைய பாக்கியக் குடுத்தீங்கன்னா டயர் போட்டு ஓட்டுவேன்."

"எவ்ளோப்பா அது?"

அவருக்கு அது நினைவில்கூட இல்லை. அட்வான்ஸ் ஆயிரம் போக, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.