மிஷினுக்கு முறை வைத்த அக்கா

காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் என்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் அக்காவோடு அதிகம் சண்டை போட்டவன் நான்தான் என்பதால், இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நல்லம்பள்ளிக்கு மேற்கே ஒரு சிற்றூரில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. நான் கடைசி. எட்டாம் வகுப்போடு அவரை நிறுத்திவிட்டு எங்கள் மூவரையும் படிக்க வைத்தார்கள். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதியமான்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். மாமா கட்டட வேலைக்குப் பெங்களூர் போய் வாரம் ஒருமுறை ரயிலில் வருவார். இரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டை அக்கா ஒருவராகவே பார்த்துக்கொண்டார். ராகி, கொள்ளு, ஓரத்தில் அவரை. பிற்பாடு நானும் அதே ஊரில் பெண் எடுத்து, அக்காவின் காட்டை ஒட்டியே நிலம் வாங்கிக் குடிவந்தேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்குக் கதிரடிக்கும் மிஷின் தார்ச்சாலைதான். கொள்ளுச் செடியைச் சாலையில் பரப்பிவிட்டால் பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகும். ஒரு நாள் நான் பைக்கில் வேகமாக வந்து, அக்கா பரப்பியிருந்த கொள்ளிலேயே சறுக்கி விழுந்தேன். முழங்கையில் ஆறு தையல். அக்கா என்னைத் தூக்கிவிட்டு அழுதார், பிறகு கொள்ளு சிதறியதற்காகத் திட்டினார். ஆனால் அடுத்த வாரமே வேளாண்மை அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர்களைச் சேர்த்துக் குழு அமைத்து, மானியத்தில் ஒரு மிஷின் கொண்டுவந்தார். வெளியூர் மிஷின்காரர்கள் எங்கள் துண்டு நிலங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இது எங்கள் மிஷின். மணிக்கு இவ்வளவு என்று குறைந்த வாடகை, அதில் டீசலும் பழுதுபார்ப்பும். நான் விழுந்ததால்தான் மிஷினே வந்தது என்று இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

மிஷின் வந்த அன்று, குழுத் தலைவியான அக்காவின் களத்தில்தான் முதலில் ஓட்ட வேண்டும் என்றார்கள் ஆண்கள். அக்கா பூஜையை மட்டும் தன் களத்தில் போட்டுவிட்டு, யார் வீட்டில் பழைய ராகி தீர்ந்துபோயிற்றோ அவர்கள் களத்துக்கு ஓட்டச் சொன்னார். அதுதான் குழுவின் முறை ஆயிற்று. யார் வீட்டில் தீர்ந்தது என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? அக்கா மாவு மில்லில் விசாரித்துக்கொள்வார். ராகி அரைக்க வருவதை எந்த வீடு நிறுத்திவிட்டது, எந்த வீடு ரேஷன் அரிசியை மட்டும் வைத்து ஒப்பேற்றுகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். அந்தக் கணக்கில் அக்காவின் களம் எப்போதும் கடைசி. அவர் வீட்டு டிரம்மில் பழைய ராகி இல்லாத நாளே கிடையாது.

மிஷின் வந்த மூன்றாம் வருஷம் கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டு நின்றது. என் ராகி அறுத்துக் களத்தில் போராகக் கிடந்தது. தம்பி என்ற உரிமையில் மிஷினை எனக்கு முதலில் விடச் சொன்னேன். அக்கா அதை மாதம்மாளின் களத்துக்கு அனுப்பினார். மாதம்மாள் கணவரை இழந்து, அரை ஏக்கரை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களை வளர்ப்பவர். நான் கத்தினேன். அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"உன் ராகி நனைஞ்சா நான் குடுப்பேன்டா தம்பி. அவ ராகி நனைஞ்சா யாருடா குடுப்பாங்க?"

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. மழை கொட்டி என் ராகி கறுத்துப்போனது. அக்காவுடையதும்தான். பொங்கல் வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் வாரம் தவறாமல் பழைய ராகியை அரைத்து என் வீட்டுக்கு மாவு கொடுத்து அனுப்பினார். வெட்கமில்லாமல் அந்தக் களியைத் தின்றுகொண்டேதான் நான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அறுப்பு நேரத்தில் அக்கா தருமபுரியில் மருத்துவமனையில் படுத்திருந்தார். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்பது அவருக்கும் தெரியும். மிஷின் பொறுப்பு என்னிடம் இருந்தது. புது ராகியை அக்கா கண்ணால் பார்க்கட்டும் என்று குழுவில் எல்லாரும் ஒருமனதாக அவர் களத்துக்கே முதலில் மிஷினை விட்டோம். மாதம்மாளே தன் முறையை விட்டுக்கொடுத்தார். நல்ல செய்தி என்று நினைத்து, கஞ்சி கொடுக்கும்போது அக்காவிடம் சொன்னேன். அவர் டம்ளரைத் தள்ளிவிட்டார்.

"எங்க வூட்டுல பழசு ரெண்டு மூட்டை கெடக்குது. அவ வூட்டுல என்ன கெடக்குதுன்னு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை.

"மானம் கறுக்குது, மழ வரும். போன் போட்டு மிஷினைத் திருப்புடா. அப்பறம் கஞ்சி குடிக்கிறேன்."

போட்டேன். மிஷின் கிளம்பும் சத்தத்தை அவர் காதிலும் கேட்க வைத்தேன். அக்கா கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. மாதம்மாளின் ராகி அதற்குள் வீடு சேர்ந்துவிட்டது என்று சொன்னபோது அக்கா சிரித்தார். என்னிடம் அவர் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான். மூன்றாம் நாள் விடியலில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ராப்பகல் பாராமல் கூட இருந்த மாமாவுக்கும், சாவு வீட்டுக்கு ஓடி வந்த பங்காளிகளுக்கும் சம்பந்திகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மழையில் அக்காவின் கதிர்ப்போர் மேல் தன் வீட்டுத் தார்ப்பாயைப் போட்டு மூடி, நான்கு பக்கமும் கல் வைத்த மாதம்மாளுக்குத் தனியாக ஒரு நன்றி.

அக்காவின் களத்துக்கு முந்தாநாள்தான் மிஷின் திரும்ப வந்தது, எல்லாருக்கும் கடைசியாக. முன்னால் விடலாம் என்று இந்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்று பந்தியில் களி வைப்பது அந்த ராகியில்தான். கூச்சப்படாமல் இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போங்கள்.