ஐந்து ஆணி அடித்த சுவர்

பாம்பனில் எங்கள் தெருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பூசை, கறிச்சோறு, மதியத் தூக்கம் என்று எல்லாரும் கரையிலேயே கிடப்பார்கள். என் அண்ணன் எட்வர்டுக்கு மட்டும் அன்றைக்குத்தான் மூச்சு முட்டும். அவன் நாட்டுப்படகு இன்ஜின் மெக்கானிக். படகு கரையில் நிற்கிற நாளில்தானே இன்ஜினைப் பிரிக்க முடியும்? திங்கள் விடியலில் எல்லாருக்கும் படகு வேண்டும்.

அண்ணன் தவறிப்போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அவனை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. அதனால் சிரிப்பு வந்த கதையையே எழுதுகிறேன்.

அவனிடம் இருந்த ஒரே கோளாறு, "வாரேன்" என்கிற சொல். யார் கூப்பிட்டாலும் வாரேன் என்பான். அது பொய்யில்லை. சொல்லும்போது உண்மையிலேயே போவதாகத்தான் இருப்பான். ஒரு படகில் இன்ஜினைத் திறந்து வைத்திருப்பான். பக்கத்துப் படகுக்காரர் வந்து, சத்தம் மட்டும் கேட்டுச் சொல்லிவிட்டுப் போ என்பார். அங்கே போய் அதையும் திறந்துவிடுவான். அதற்குள் மூன்றாவது ஆள் கையைப் பிடித்து இழுத்திருப்பார். பொழுது சாயும்போது கரை நெடுக இன்ஜின்கள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்க, எந்தப் போல்ட் யாருடையது என்று தெரியாமல் அண்ணன் ஒரு மீன்கூடைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருப்பான். எல்லாரிடமும் திட்டு வாங்குவான், திட்டியவருக்கே டீயும் வாங்கிக் கொடுப்பான். அவன்மேல் யாருக்கும் கோபம் நீடிக்காது. அதனாலேயே அவன் திருந்தவில்லை என்பது என் மதினி அனிட்டாவின் கருத்து.

வேலைகளை நினைவூட்ட நான் அவன் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தேன். அலாரம் அடித்தால் அதை அணைத்துவிட்டு, "வாரேன்" என்று போனிடமும் சொன்னான்.

அண்ணனின் சின்ன மகன் ஆன்டோவின் ஞானஸ்நானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அரை மணியில் வருகிறேன் என்று கரைக்குப் போன அண்ணன், சாமியார் உடுப்பைக் கழற்றி வைத்த பிறகுதான் வந்து சேர்ந்தான். படத்தில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன்.

பிறகு மூத்தவள் சிநேகாவுக்குப் புதுநன்மை வந்தது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், அதுவும் ஞாயிறுதான். செய்தி வந்த அன்று எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சிநேகா தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அய்யா, அன்னைக்கு நீங்க நிப்பீகளா, இல்ல அத்தையத்தான் நிக்கச் சொல்லணுமா?"

அண்ணன் சட்டென்று, "வாரேன்த்தா" என்றான்.

அந்தச் சொல்லின் விலை அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சிநேகா தலையை மட்டும் ஆட்டிவிட்டு மீன் முள்ளை எடுக்கத் தொடங்கினாள். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

மறுநாள் மதினி ஒரு சுத்தியலோடு வாசல் பக்கச் சுவருக்கு வந்தார். அவருக்குச் சொந்த ஊர் காரங்காடு. அங்கே அலையாத்திக் காட்டுக்குள் வெளியூர்க்காரர்களைப் படகில் சுற்றிக் காட்டுகிறார்களே, அந்த இடத்தில் அவருடைய அக்கா பிரெசில்லா வேலை பார்க்கிறார். கொக்கியில் மிதவைச் சட்டை தொங்கினால்தான் அங்கே ஆளை ஏற்றுவார்கள். சட்டை தீர்ந்துவிட்டால், எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் "அடுத்த நடைக்கு வாங்க" என்று பிரெசில்லா சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். யாரும் சண்டைக்கு வருவதில்லை.

ஒரு வாரத்தில் எத்தனை இன்ஜின் முடிப்பீர்கள் என்று மதினி கேட்டார். பத்து என்றான் அண்ணன். மதினி ஐந்து ஆணி அடித்தார்.

நாட்டுப்படகு இன்ஜினைக் கையால் சுழற்றி ஓட்டிவிட இரும்பு ஹேண்டில் ஒன்று உண்டு. வேலை வேண்டியவர் அந்த ஹேண்டிலைக் கொண்டுவந்து ஆணியில் மாட்ட வேண்டும். மாட்டினால்தான் வேலை. ஆணி காலியாக இல்லாவிட்டால் அடுத்த நடை. ஒன்றை முடித்து ஹேண்டிலைத் திருப்பிக் கொடுக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது.

முதல் வாரம் கரையெல்லாம் கேலி. மெக்கானிக் வீடா கறிக்கடையா என்று கேட்டார்கள். ஆனால் ஹேண்டிலைக் கொடுத்துவிட்டால் படகை எடுக்க முடியாதல்லவா? அதனால் சும்மா சத்தம் கேட்கச் சொல்கிறவர்கள் தாமாகவே கழன்றுகொண்டார்கள். அண்ணன் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினான். சீக்கிரம் வந்து என்ன செய்வதென்று தெரியாமல், வீட்டில் இருந்த மின்விசிறியைப் பிரித்துப் போட்டான்.

புதுநன்மைக்கு முந்தின சனிக்கிழமை கடைசி ஹேண்டிலும் போய்விட்டது. உடனே மதினி முதல் ஆணியில் சிநேகாவின் வெள்ளை உடுப்பையும் அடுத்ததில் அவளுடைய பூமுடியையும் மாட்டினார். பிறகு ஆன்டோவின் கால்சட்டை, அவருடைய சேலை, அண்ணனின் புதுச் சட்டை. ஐந்தும் நிறைந்தது.

இருட்டுகிற நேரத்தில் பென்னி வந்தான். அண்ணனுடைய பழைய சிநேகிதன், தென்கரையில் படகு வைத்திருக்கிறான். கையில் ஹேண்டில்.

"துணி மாட்ட ஆணி இருக்கு, எனக்கு இல்லையாண்ணே?"

"அதுவும் வேலதான் தம்பி. அதான் மாட்டியிருக்கு" என்றார் மதினி.

பென்னி விடவில்லை. அண்ணனுடைய பெட்டியிலிருந்தே ஓர் ஆணியையும் சுத்தியலையும் எடுத்தான். சட்டைக்கு அடுத்தாற்போல ஆறாவது ஆணியை அடித்து ஹேண்டிலை மாட்டினான்.

"மாட்டியாச்சு. காலையில வெள்ளன வந்தா பூசைக்கு முன்னாடி முடிச்சிரலாம். சின்ன வேலதான்."

அண்ணனின் வாய் "வா" என்று திறந்ததை நான் பார்த்தேன். சிநேகாவும் பார்த்தாள். மதினி துவைத்த துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே துண்டைத்தான் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் எழுந்துபோய்க் குறடு ஒன்றை எடுத்தான். ஆறாவது ஆணியைப் பிடுங்கி, ஹேண்டிலோடு சேர்த்துப் பென்னியின் கையில் வைத்தான்.

"ஏலே பென்னி, அடுத்த நடைக்கு வாலே. நாளைக்கு வாரேன்னு வேற எடத்துல சொல்லிப்புட்டேன்."

பென்னி அவனை மேலும் கீழும் பார்த்தான். "நீ இல்லைன்னு சொல்லி இன்னைக்குத்தாண்ணே கேக்குறேன்" என்றான். கோபித்துக்கொண்டு போவான் என்று நினைத்தோம். போகிறபோது நாளைக்கு என்ன கறி என்று மதினியிடம் விசாரித்துவிட்டுப் போனான்.

ஞாயிறு காலை கோயில் கதவு திறப்பதற்கு முன்பே அண்ணன் படியில் நின்றான். கையை மண்ணெண்ணெயில் தேய்த்துக் கழுவியிருந்ததால் அவன் பக்கத்தில் யாரும் உட்கார முடியவில்லை. வரிசையில் போன சிநேகா நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அண்ணன் கையைத் தூக்கி ஆட்டிய ஆட்டத்தில், பிள்ளைகளை வரிசையில் நடத்திப்போன உபதேசியார் முறைத்தார். அன்றைய படத்தில் அவன் கண்ணை மூடியிருக்கிறான். ஆனாலும் படத்தில் இருக்கிறான். மதியச் சாப்பாட்டுப் படத்தில், இரண்டாவது பந்தியில் பென்னியும் இருக்கிறான்.

திங்கள்கிழமை முதல் ஆணியில் பென்னியின் ஹேண்டில் தொங்கியது.

அந்த ஆணிகள் இன்னும் இருக்கின்றன. இப்போது சிநேகாவின் காலேஜ் பையும் ஆன்டோவின் கிரிக்கெட் மட்டையும் அவற்றில் தொங்குகின்றன. ஆறாவது ஆணியைப் பிடுங்கிய ஓட்டையும் அப்படியே இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வந்தவர் அதைப் பூசப் போனபோது, மதினி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அடித்தவன் பென்னி, அவனே வந்து பூசட்டும் என்றார். பென்னியிடம் சொன்னார்களாம். அவனும் வாரேன் என்றிருக்கிறான்.