அமுக்கிப் பார்த்த இடம்

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா திரும்பி வந்தபோது, வந்தது அம்மாதானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. திருவொற்றியூர் குப்பத்தில் வீடு. அப்பா போட்டில் போவார், அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பாள். எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்று அவளைச் சேர்த்தபோது, சின்னப் பிள்ளைகள் பக்கத்திலேயே வரக்கூடாது என்று என்னைச் சித்தியிடம் விட்டுப் போனார்கள்.

சித்திக்கு எதையும் மூடி வைக்கத் தெரியாது.

“உங்கம்மா ரத்தத்துலேர்ந்து வெதை மாரி இன்னாவோ எடுத்து ஐஸ்ல வெச்சிகீறாங்கடி. ஒடம்புல கீற நோவ மருந்து குத்தி சாவடிச்சிட்டு, அப்பால அத்தத் திருப்பி உள்ள உடுவாங்களாம்.”

ஸ்டெம் செல் சிகிச்சையை இதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. ஆனால் நான் மீன்காரி மகள். ஐஸில் வைத்த எதுவும் உயிரோடு எழுந்து வந்து நான் பார்த்ததில்லை.

வந்தவளுக்குத் தலையில் முடி இல்லை, புருவமும் இல்லை. நகமெல்லாம் கருத்திருந்தது. வீட்டுக்குள் பச்சை மீன் வரக்கூடாது என்று சொல்லிவிட்டதால் எங்கும் பினாயில் நெடி. அவளிடம் அம்மா வாடையே இல்லை. சித்தி உப்புப் போட மறந்த ரசத்தை ஒரு வார்த்தை பேசாமல் குடித்தாள். முன்பென்றால் கிண்ணம் பறந்திருக்கும். உச்சி வெயிலில் நான் சூடு தாங்காமல் துள்ளிக் குதித்து ஓடிய சிமென்ட் தரையில் வெறுங்காலோடு அசையாமல் நின்றாள். மருந்தால் நாக்கில் ருசி போய்விட்டது, கால் மரத்துவிட்டது என்றார் அப்பா. பெரியவர்கள் எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள்.

மீன் பார்க்க அம்மா எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான். கட்டைவிரலால் அமுக்கு, குழி உடனே எழும்பினால் நல்ல மீன். அப்படியே நின்றால் ஐஸில் கிடந்து கெட்டது.

ஒரு மதியம் அவள் கட்டிலில் கண்மூடிக் கிடந்தாள். வெளியே கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி நடுங்கியது. மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. நான் மெதுவாகப் போய், வீங்கியிருந்த அவள் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன்.

குழி அப்படியே நின்றது.

நிமிர்ந்தால், இமைமுடி இல்லாத கண்களைத் திறந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி, கெட்டுப்பூச்சா?”

அழுதுகொண்டே தலையாட்டினேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தாள்.

“கால்ல தண்ணி கோத்துகினுகீது, அத்த உடு. இங்க அமுக்கு. எழும்புதா?”

“எழும்புது.”

“நல்லா பாத்து சொல்லு.”

மறுபடி அமுக்கினேன். எழும்பியது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது, இவள் அம்மாதான். அவளோ விடவில்லை. தோள், புஜம், கழுத்து என்று என் விரலை இழுத்து இழுத்து வைத்து, “இங்க? இங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். கடைசியில் சலித்துப்போய், “எல்லாம் எழும்புது, போம்மா” என்று கையை உருவிக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன். என் சந்தேகம் அவளுக்கும் இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.