உள்ளூர்க்காரருக்கு அறை இல்லை

தோஹாவில் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு விடுமுறை. அன்றைக்குச் சில பெரிய கடை வளாகங்களின் வாசலில் காவலாளி ஒருவர் நிற்பார். அவர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார், நமக்குப் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பார். மனைவி பிள்ளையோடு வந்தால் உள்ளே விடுவார். தனி ஆளாக வந்தால் கையை நீட்டி மறித்து, "ஃபேமிலி?" என்பார். முதல் முறை என் குடும்பத்தை நலம் விசாரிக்கிறார் என்று நினைத்து, "ஃபேமிலி குட், தேங்க்யூ" என்று சிரித்துவிட்டு உள்ளே நடந்தேன். பின்னாலேயே ஓடிவந்து, "நோ பிரதர், டுடே ஃபேமிலி ஒன்லி" என்றார். அவர் நேபாளக்காரர். அவருடைய குடும்பமும் அங்கே இருந்திருக்காது. எட்டு வருடமாக அந்த மாதிரிக் கதவுகளுக்கு வெளியே நின்றவன் நான். கோபம் வரும், அடங்கிவிடும். அது அவர்கள் வீடு, அவர்கள் வைத்த சட்டம். என் ஊரில் என் மனைவி பிள்ளைகளோடு போனால் என்னை எவன் கேட்பான் என்று சொல்லிக்கொண்டு, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்குத் திரும்பிவிடுவேன்.

தர்ஷினி, கவின், போன லீவில் ஒருவன் கேட்டான். அதைத்தான் உங்களுக்காக எழுதுகிறேன். அன்றைக்கு அப்பா ஏன் அப்படிக் கத்தினார் என்று நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கலாம். என்னைப் போல லீவுக்குப் போகிற அண்ணன் தம்பிகளும் படிக்கட்டும். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். பிழை இருந்தால் தர்ஷினி திருத்திப் படித்துக்கொள்.

என் வேலை ஏசி வேலை. பெரிய பெரிய ஹோட்டல்களில் அறைக்கு மேலே பொய்க்கூரைக்குள் தவழ்ந்து போய்க் குழாயும் ஃபில்டரும் மாட்டுவேன். ஹோட்டல் அறைகளை நான் மேலேயிருந்துதான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒருநாள் வேலை முடிந்து இறங்கும்போது வீடியோவில் உங்களைக் கூப்பிட்டு, ஆள் இல்லாத ஓர் அறையைக் காட்டினேன். வெள்ளை விரிப்பு போட்ட பெரிய கட்டில். "அப்பா, அதுல ஏறிக் குதிப்பியா?" என்றாள் தர்ஷினி. "நான் தொடவே கூடாதும்மா, பூட்ஸ் கூட வெளிய கழட்டி வெச்சிருக்கன்" என்றேன். "அப்ப நாம குதிக்கற மாதிரி ஒரு ரூமுக்கு இட்டுகினு போ" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த லீவில் பாண்டிச்சேரி டவுனில் அந்த மாதிரி ஓர் அறையில் ஒரு ராத்திரி தங்குவோம் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் அதே பேச்சுதான். கவினுக்குக் கட்டில்கூட வேண்டாம், லிஃப்ட் இருந்தால் போதும்.

அறையைத் தோஹாவிலிருந்தே போனில் புக் செய்து, முழுப் பணமும் கட்டினேன். கன்ஃபர்ம்டு என்று வந்தது. உங்கள் அம்மா சுமதிக்குத்தான் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. "ஒரு மணி நேரத்துல வூட்டுக்கு வந்துடலாம். அங்க இன்னாத்துக்குங்க படுக்கை?" என்றாள். "பெங்களூர்லேர்ந்தெல்லாம் வந்து தங்கறாங்க. நம்ம ஊரு, நாம தங்குனா இன்னா?" என்றேன். திட்டிக்கொண்டேதான் புதுப் புடவை கட்டினாள். ஹோட்டலுக்குப் போகிறோம் என்று தெரிந்தும் எலுமிச்சை சாதம் கட்டி எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை பாகூரில் பஸ் ஏறினோம். அரியாங்குப்பத்தில் வண்டி நகரவில்லை. முன்னாலும் பின்னாலும் வெளியூர்க் கார்கள். கவின் ஜன்னலில் தலையை நீட்டி, ஒவ்வொரு காரையும் பார்த்து, "நாங்களும் ஹோட்டலுக்குத்தான் போறோம்" என்று கத்திக்கொண்டு வந்தான்.

ரிசப்ஷனில் இருந்தவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். டை கட்டியிருந்தான். புக்கிங்கைப் பார்த்துச் சிரித்தான், ஆதாரை வாங்கினான், அதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"சாரி சார். லோக்கல் ஐடிக்கு நாங்க ரூம் குடுக்கறதில்ல."

"லோக்கல்னா?"

"பாண்டி அட்ரஸ் சார். பாகூர்னு இருக்குது."

"பாகூர்தான். பொய்யா சொன்னன்?"

"அதான் சார் பிரச்சன. உள்ளூர்க்காரங்களுக்குக் குடுக்க வேணாம்னு மேனேஜ்மென்ட்ல சொல்லியிருக்காங்க."

எனக்குப் பின்னால் வெளியூர்க் குடும்பம் ஒன்று பெட்டிகளோடு வந்து நின்றது. அவன் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவர்களுக்குச் சாவி கொடுத்தான். அவர்கள் பிள்ளைகள் லிஃப்டுக்குள் ஓடின. கவின் அந்தக் கதவு மூடுவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ எந்த ஊருப்பா?" என்று அந்தப் பையனைக் கேட்டேன்.

"வில்லியனூர் சார். எனக்கே இங்க ரூம் குடுக்க மாட்டாங்க." கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னான்.

சுமதி பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "ஏம்பா, ரெண்டு பசங்கள இட்டுகினு வந்து நிக்கறம். பாத்தா திருட வந்த மாதிரியா கீது?"

"மேடம், ரூல்ஸ் மேடம்" என்றான். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்து, "சார், புக்கிங்ல ஃபாரின் நம்பர் இருக்குதே? அங்க ஐடி எதனா வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டான்.

என் பர்ஸில் பத்தாக்கா இருந்தது. அந்த நாட்டில் நான் வேலை செய்ய அனுமதி உண்டு என்று சொல்லும் அட்டை. அதை எடுத்து அவனிடம் கொடுத்தேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. "சூப்பர் சார், இது போதும். உங்களுக்கு ஓகே. பசங்களுக்கு ஐடியே தேவயில்ல. மேடம் ஐடி மட்டும்தான் லோக்கல் வருது."

பிள்ளைகளே, இதை நன்றாகப் படியுங்கள். பாகூரில் பிறந்து, பாகூரில் படித்து, பாகூர் ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த எனக்கு, என் ஊரில் ஓர் அறை வேண்டுமென்றால் நான் தோஹாக்காரனாக இருக்க வேண்டும். தோஹாவிலோ எனக்கு ஒரு கட்டில், ஒரு பெட்டி, ஆறு பேர் படுக்கிற அறை, அவ்வளவுதான். அங்கே என்னை ஒருநாளும் அந்த ஊர்க்காரன் என்று சொன்னதில்லை. அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கே "உங்களுக்கு ஓகே" என்கிறார்கள். எட்டு வருடமாக ஊரை விட்டுப் போகாமல், உங்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தனியாக அலைந்த உங்கள் அம்மாவுக்கு அறை கிடையாது. போகாமல் இருந்ததுதான் அவள் செய்த குற்றம். உள்ளூர்க்காரன் அறை எடுத்தால் குடிக்கவும் சண்டை போடவும்தான் எடுப்பானாம். தப்பு செய்கிறவன் ஆதாரில் தூரத்து ஊர் போட்டிருந்தால் மட்டும் செய்ய மாட்டானா? டவுனுக்குப் பாலும் காய்கறியும் கீரையும் எங்கள் கொம்யூன் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் போகின்றன. அவற்றுக்கு யாரும் அட்ரஸ் கேட்பதில்லை.

"மேடம் விசிட்டரா மேல வரலாம் சார். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்" என்றான் அந்தப் பையன். உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான்.

அப்போதுதான் நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுவதும் ஞாபகம் இல்லை. மேசையை அறைந்தது ஞாபகம் இருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தர்ஷினி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, கத்தாத. ஆறு மணி வரைக்குமாச்சும் போலாம்பா" என்றாள். அந்த நிமிடமே உங்களை அழைத்துக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பையன்மேல் இருக்கிற கோபத்தைவிட அதற்காக என்மேல் இருக்கிற கோபம் பெரிது.

சுமதி வாசலில் இருந்த செக்யூரிட்டி மேசைக்குப் போனாள். கோடு போட்ட பெரிய நோட்டு. பெயர், ஊர், யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம். ஒவ்வொரு கட்டமாக நிதானமாக எழுதினாள். 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் 'வீட்டுக்காரர், மகள், மகன்' என்று எழுதினாள். செக்யூரிட்டி அதைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அறையில் நீங்கள் இருவரும் கட்டிலில் ஏறிக் குதித்தீர்கள். கவின் லிஃப்டில் எத்தனை முறை போய்வந்தான் என்று கணக்கில்லை. நான் பழக்கதோஷத்தில் ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுமதி கட்டிலில் உட்காரவே இல்லை. ஜன்னலோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "உங்கள பாக்க வந்திருக்கன். காபி கீபி எதனா குடுப்பீங்களா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எலுமிச்சை சாதத்தை நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சரியாக ஆறு மணிக்குப் போன் அடித்தது. "சார், மேடம மட்டும் கீழ வரச் சொல்லுங்க. நீங்க பசங்களோட தங்கலாம்." ரிசீவரை வைத்துவிட்டுப் பையை எடுத்தேன். யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கவின் தானாகவே செருப்பைத் தேடினான்.

வாசலில் சுமதி போன நேரத்தை எழுதினாள். அவள் வைத்த பேனாவை நான் எடுத்தேன். "நீங்க கெஸ்ட்டு சார், உங்களுக்கு இந்த நோட்டு இல்ல" என்றார் செக்யூரிட்டி. நான் கேட்கவில்லை. அவள் வரிக்குக் கீழே என் பெயரை எழுதினேன். ஊர்: தோஹா. அவர்கள் ஒத்துக்கொண்ட ஊர் அதுதானே. யாரைப் பார்க்க: மனைவி, மகள், மகன். வந்த நேரம் என்ற இடத்தில், லீவுக்கு வந்து விமானம் இறங்கிய தேதியைப் போட்டேன். கடைசிக் கட்டத்தில், கோபத்தில் யோசிக்காமல், திரும்பிப் போகிற தேதியையும் எழுதிவிட்டேன்.

அந்தத் தேதியை உங்கள் இருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. எந்த லீவிலும் சொன்னதில்லை. கேட்டால், "இன்னும் நாள் கீது" என்பாள் அம்மா. தர்ஷினி என் முழங்கைக்குக் கீழே நின்று நான் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அப்பா, இது வர்ற திங்கக்கெழம" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் பேனாவைப் பிடுங்கி அந்தத் தேதியை அடித்தாள். அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடித்தாள். தாள் கிழிந்து பேனா முனை அடுத்த பக்கத்துக்கு இறங்கிவிட்டது. "ஏம்மா, நோட்ட இன்னா பண்ற!" என்று செக்யூரிட்டி எழுந்துவிட்டார். சுமதி அவளைத் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை நான் போய்விட்டேன். இதைத் தோஹாவிலிருந்துதான் எழுதுகிறேன். ஆனால் அந்த ஹோட்டல் நோட்டில் என் வரி இன்னும் அப்படியே இருக்கும். வந்த தேதி இருக்கும். போன தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை இருக்கும்.