வித்தியாசமும் ஏரிக்கரை வெயிலும்

எங்கள் நைனா வாயில் அதிகம் வந்த சொல் 'வித்தியாசம்'. ரசத்தில் உப்பு ஏறினால் ருசி வித்தியாசம். வரப்புத் தகராறில் பெரியப்பா வீட்டோடு பேச்சு நின்றுபோனதும் வித்தியாசம்தான். சண்டை என்று சொல்லவே மாட்டார். பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்டால்கூட, "வித்தியாசமா நெனச்சுக்காதீங்க" என்றுதான் ஆரம்பிப்பார். ருசி வித்தியாசத்தைச் சரிசெய்துவிடலாம். மனுஷ வித்தியாசம் என்றால் நைனா நடுங்குவார்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு நிச்சயதார்த்தம். தொண்டூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து முதலில் எங்கள் வீட்டில் கை நனைக்க வேண்டும், பிறகு தட்டு மாற்ற வேண்டும். சாப்பிடாமல் எழுந்து போனால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். எனக்கோ பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது.

வழியில் பஸ் ரிப்பேர். அவர்கள் வந்து உட்கார்வதற்குள் சூரியன் எங்கள் ஊர்க் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. நாங்கள் இரு வீட்டாரும் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டோம்.

"பொழுது பூடுச்சு. இனிமே ஆவாது," என்றார் என் தாய்மாமன்.

மாப்பிள்ளையின் அப்பா கைக்கடிகாரத்தைக் காட்டினார். "இன்னும் அர மணி இருக்குது. எங்க ஊர்ல இந்நேரம் நல்ல வெயிலு."

"வெயில கண்ணால பாக்கணும். கடியாரத்துல இல்ல."

"அப்ப நாங்க இன்னா, பொழுது தெரியாத ஜனங்களா?"

"வித்தியாசமா நெனச்சுக்காதீங்க..." என்று ஆரம்பித்தார் நைனா. மாப்பிள்ளையின் அப்பா செருப்பைத் தேடினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மலை குறுக்கே நிற்பதற்கு என் கல்யாணமா நிற்பது? பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மலை நிழல் எங்கள் தெருப்பக்கம்தான் விழுந்திருந்தது. வடக்கே ஏரிக்கரை மஞ்சளாகப் பளபளத்தது.

"மாமா! ஏரிக்கரைல வெயில் அடிக்குது!" என்று அங்கிருந்தே கத்தினேன்.

கல்யாணப் பெண் இப்படிக் கத்தலாமா என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவ்வளவு பசி. முதலில் ஓடியவர் மாமாதான், சோற்றுக் குண்டானோடு. பின்னால் இலைக்கட்டு, சாம்பார் வாளி, வடைக்கூடை. பாயசத் தூக்கு என் கையில். அதன் இன்னொரு பக்கத்தை யாரோ பிடித்தார்கள். திரும்பினால் மாப்பிள்ளை! இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பாதிப் பாயசம் வழியிலேயே போயிற்று.

கரையில் வெயில் எங்களுக்காகவே காத்திருந்தது. மாமாவே மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இலை போட்டுப் பரிமாறினார். நைனா மட்டும் உட்காரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் கவளத்தை விழுங்கிவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"சாம்பார்ல உப்பு கொஞ்சம் வித்தியாசமா இருக்குது, சம்பந்தி!"

நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் நிற்கவே இல்லை.